பழைய வீடும் பாட்டாளியின் கைப்பணமும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் மக்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரர் "அடுத்த மாதம் காலி செய்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வேலைக்குப் போகும் வழி, அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் பக்கத்து வீடு, எல்லாம் ஒரே நாளில் ஆட்டம் கண்டுவிடுகின்றன. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் சொந்தக் கூரையின் அருமை தெரியும்.

ஆகவே ஒரு மில் தொழிலாளி, முப்பது வருஷ உழைப்புக்குப் பின் கிராஜுவிட்டிப் பணமும் வைப்பு நிதியும் கைக்கு வந்தவுடன், குடியிருக்கும் தெருவிலேயே ஒரு பழைய வீட்டை விலை கேட்பதில் வியப்பு ஒன்றுமில்லை. புது அடுக்குமாடி வீட்டின் விலை அவருக்கு எட்டாது. பழைய வீடுதான் எட்டும் போலத் தோன்றுகிறது. சில சமயம் வீட்டுக்காரரே வந்து, "வீட்டை விற்கப் போகிறேன். நீங்கள் வாங்குவதானால் முதல் உரிமை உங்களுக்கு, இல்லையேல் காலி செய்ய வேண்டியிருக்கும்" என்கிறார். வாங்குவதா? வாடகையிலேயே இருப்பதா? இந்தக் கேள்வியைத் தோழர்கள் பலர் எழுப்புகிறார்கள். அது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஒரு தொழிலாளி ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் ஒரே கையெழுத்தில் கைமாறும் இடம் இது. அங்கே ஏமாந்தால் மறுபடி சம்பாதிக்க அவருக்கு இன்னொரு முப்பது வருஷம் கிடையாது.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையை முறுக்கும் கடனோடு வரும் சொந்த வீட்டைவிட, கையில் ஒப்பந்தத்தோடு இருக்கும் வாடகை வீடு மேல். மண்ணும் பத்திரமும் சுவரும் மூன்றும் சரியாக இருந்து, கடன் சிறிதாகவும் இருந்தால், பழைய வீட்டை வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்கக்கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

மில்லும் வீடும்

சென்னையில் பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, பெரம்பூர், வியாசர்பாடி ஆகிய பகுதிகளை எடுத்துக் கொள்ளுங்கள். பக்கிங்ஹாம் - கர்னாடிக் மில்லும் ரயில்வே பட்டறைகளும் ஆள் தேடிய காலத்தில் இந்தத் தெருக்கள் நிரம்பின. 1918-ல் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றியது இந்த மண்ணில்தான். ஒரே வாசல், உள்ளே வரிசையாக எட்டுக் குடித்தனம், நடுவில் ஒரு குழாய், கடைசியில் ஒரு கக்கூஸ் என்று ஒண்டிக் குடித்தனங்கள் பெருகியதும் இங்கேதான். மில் சங்கு ஊதினால் கேட்கும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய தொழிலாளியின் ஒரே நிபந்தனை.

1996-ல் அந்த மில் மூடப்பட்டது. மில் நின்ற நிலத்தில் இன்று வானளாவிய அடுக்குமாடிகள் நிற்கின்றன. மில் போனது, மண்ணின் விலை மட்டும் ஏறியது. தெருவிலுள்ள பழைய வீட்டுக்கு இன்று கேட்கப்படும் விலை அதன் செங்கல்லுக்காகவோ மரத்துக்காகவோ அல்ல. அடியில் கிடக்கும் மண்ணுக்காக. இந்த உண்மையை முதலில் மனதில் பதித்துக் கொள்ள வேண்டும். வீட்டின் அழகைப் பார்த்து மயங்குகிறவர் மண்ணின் கதையைக் கேட்க மறந்து விடுகிறார்.

இன்னொரு பாடமும் இந்தக் கதையில் இருக்கிறது. மில்லை நம்பிப் பக்கத்தில் வீடு வாங்கியவருக்கு மில் மூடிய பின் வேலை வேறு திசையில் கிடைக்கிறது. ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ தினமும் பயணம் செய்ய வேண்டும். அல்லது வீட்டை விற்க வேண்டும். 1872-ல் ஜெர்மனியில் இதே சர்ச்சை நடந்தபோது ஏங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்னையைப் பற்றி ஒரு பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். தொழிலாளியைச் சிறு வீட்டுக்குச் சொந்தக்காரனாக்கிவிட்டால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடும் என்று சிலர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. இடம் மாறி வேலை தேடும் சுதந்திரத்தை அந்த வீடு பறிக்கலாம். கடனுள்ள வீடு தொழிலாளியை ஒரே முதலாளியின் வாசலில் கட்டிப் போடலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். நூற்றைம்பது வருஷங்கள் ஆகியும் அந்த எச்சரிக்கை பழசாகிவிடவில்லை. மாதத் தவணை கட்ட வேண்டியவன் வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கும்போது ஒரு கணம் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தை நிர்வாகம் நன்றாக அறியும்.

கணக்கு என்ன சொல்கிறது?

உதாரணத்துக்கு ஒரு சிறிய பழைய வீட்டின் விலை 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதே போன்ற வீட்டுக்கு வாடகை 6,000 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம்.

வாங்குகிறவர் விலையோடு தப்பிக்க முடியாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம். ஆக 9 சதம். 20 லட்சத்துக்கு இது 1 லட்சத்து 80 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதம் குறைத்திருக்கிறார்கள். சிறு வீடு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதன் மேல், பழைய வீடு என்பதால் கூரை, மின்கம்பி, சாக்கடைக் குழாய் என்று குறைந்தது 2 லட்சமாவது மராமத்துக்கு ஒதுக்க வேண்டும்.

கையில் இருப்பது 11 லட்சத்து 80 ஆயிரம் என்று வைத்துக் கொண்டால், பதிவும் மராமத்தும் போக 8 லட்சம்தான் விலைக்குப் போகும். மீதி 12 லட்சம் கடன். ஆண்டுக்கு 9 சத வட்டியில் 20 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 10,800 ரூபாய். இருபது வருஷத்தில் கட்டி முடிப்பது ஏறக்குறைய 25 லட்சத்து 90 ஆயிரம். வாங்கியது 12 லட்சம். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 14 லட்சம்! ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு வங்கி 20 வருஷத் தவணை தராது. ஆகவே கடன் மகன் பெயரில் போகிறது. மகனோ காண்ட்ராக்ட் தொழிலாளி. அவனுடைய ஒப்பந்தம் எப்போது முடியும் என்பது அவனுக்கே தெரியாது. தவணை மட்டும் 240 மாதமும் தவறாமல் வரும்.

வாடகைக்கு இருப்பவரின் கணக்கு என்ன? அதே 11 லட்சத்து 80 ஆயிரத்தை வங்கியில் போட்டு, வட்டி 6 சதம் என்று வைத்தாலும், மாதம் 5,900 ரூபாய் வருகிறது. வாடகையை அதுவே ஏறக்குறைய அடைத்துவிடுகிறது.

"அப்படியானால் வாடகைதான் லாபமா?" என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். வாடகை ஆண்டுதோறும் ஏறும். வட்டி அப்படி ஏறாது. விலைவாசி உயர உயரக் கையிலுள்ள முதலின் மதிப்பு கரையும். மண்ணின் விலையோ பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். இருபது வருஷம் கழித்து வாங்கியவரிடம் ஒரு மனை இருக்கும். வாடகைக்காரரிடம் ரசீதுக் கட்டு இருக்கும். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த இருபது வருஷத்தை யார் தாண்டுகிறார்கள்? வேலை போனால், நோய் வந்தால், ஒரு மகளின் கலியாணம் குறுக்கிட்டால், தவணை நின்றுவிடுகிறது. அதன் பின் வீடு வங்கியின் ஏலத்தில் போகிறது. போட்ட முதலும் அதோடு போகிறது. ஆகவே கேள்வி வாடகை லாபமா, வீடு லாபமா என்பதல்ல. கூலி ஆறு மாதம் வராவிட்டால் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்றால், கடனைக் குறைத்துக் கொள்ளும் வரை பொறுத்திருப்பதே புத்தி.

பழைய வீட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கட்டடத்தின் மிச்ச ஆயுளையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும் பார்த்துத்தான் வங்கி கடன் தருகிறது. பல பழைய வீடுகளுக்கு வரைபடமே இல்லை. வங்கி மறுத்தவுடன் தனியார் பைனான்ஸ்காரர் வாசலில் வந்து நிற்கிறார். அவருடைய வட்டியில் வாங்கிய வீடு நம்முடையது அல்ல, அவருடையது என்றே வைத்துக் கொள்ளலாம்.

மண் யாருடையது?

பழைய வீட்டை விலை பேசும்போது முதல் கேள்வி "எத்தனை அறை?" என்பதாக இருக்கக் கூடாது. "மனை யாருடையது?" என்பதாக இருக்க வேண்டும்.

நமது நகரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் கோயில் மனையிலும் தர்மச் சொத்திலும் நிற்கின்றன. கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது; மண்ணுக்கு மாதந்தோறும் மனை வாடகை. இத்தகைய வீட்டை விற்கிறவர் மண்ணை விற்க முடியாது. சுவரையும் கூரையையும் மட்டுமே விற்கிறார். பிறர் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்குப் பாதுகாப்புத் தர 1921-ல் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் 1996-ல் செய்த திருத்தம் கோயில் முதலிய மத ஸ்தாபனங்களின் நிலத்தை அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவிட்டது. கோயில் மனையிலுள்ள வீட்டை, மனையோடு சேர்ந்த வீட்டின் விலைக்கு வாங்குகிறவர் தம் பணத்தைக் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் போடுகிறார்.

அடுத்தது வாரிசு. பழைய வீடு தாத்தா பெயரில் இருக்கும். விற்க வருகிறவர் மூத்த மகனாக இருப்பார். தங்கைகள் கலியாணமாகி வெளியூரில் இருப்பார்கள். "அவர்களுக்குச் சீர் செய்தாயிற்று, பங்கு கிடையாது" என்று சொல்வார். நம்பக்கூடாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் கலியாணமாகாத மகளுக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் 1989-லேயே சம உரிமை கொடுத்தது; 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும், சகோதரிகளும் சேர்ந்து, கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் கிரயமாகும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் பத்து வருஷம் கழித்துக் கோர்ட்டுச் சம்மன் வரும்.

மூலப் பத்திரம் தொடங்கி இன்று வரை சங்கிலி அறாமல் பத்திரங்கள் இருக்கின்றனவா? வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவும் தொங்குகிறதா? வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையும் கோர்ட்டு வழக்கையும் அது காட்டாது. பட்டா யார் பெயரில்? சொத்து வரி, தண்ணீர் வரி, சாக்கடை வரி பாக்கி எவ்வளவு? அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தீர்களா, நகலைத்தான் காட்டினார்களா? "பத்திரம் பதிவாகிவிட்டதே, இனி என்ன பயம்?" என்று நினைப்பவர் உண்டு. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்கிறார். விற்கிறவருக்கு உரிமை இருக்கிறது என்று அவர் ஜாமீன் நிற்பதில்லை.

பழைய மாடி வீட்டில் ஒரு பகுதியை மட்டும் வாங்குவதானால், மண்ணில் நமக்கு எத்தனை சதுர அடி பிரிபடாத பாகம் என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். நாளை கட்டடம் இடிந்தால் நமக்கு மிஞ்சுவது அந்தப் பாகம் ஒன்றுதான்.

"பத்திரத்தில் குறைத்து எழுதுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்" என்பார்கள். தீர்வை மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். சட்ட விரோதம் என்பது ஒருபுறமிருக்க, நாளை கிரயம் செல்லாது என்று தீர்ப்பானால் பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் திருப்பிக் கேட்க முடியும். ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சாட்சி யார்?

சுவரைக் கேளுங்கள்

மண்ணும் பத்திரமும் சரியாக இருந்தால் அதன் பிறகு சுவரைப் பாருங்கள். வெள்ளையடித்த புதுச் சுவரைக் கண்டால் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முதல் வாரம் வெள்ளையடித்த வீட்டில் எதையோ மறைத்திருக்கிறார்கள்.

நூறு வருஷத்து வீடானால் மெட்ராஸ் தளமாக இருக்கும். சுவருக்குச் சுவர் உத்திரம் போட்டு, கட்டை பரப்பி, மேலே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து கொட்டிய தளம். நன்றாகப் பேணினால் தலைமுறை தலைமுறையாக நிற்கும். அதன் உயிர் உத்திரத்தின் முனையில் இருக்கிறது. முனை சுவருக்குள் புதையும் இடத்தில்தான் ஈரமும் கறையானும் வேலை செய்யும். ஒரு கம்பியால் அங்கே குத்திப் பாருங்கள். மரம் எதிர்த்தால் நல்லது, மாவாக உதிர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசியிருந்தால் உள்ளே ஈரம் வெளியேற வழியின்றித் தங்கியிருக்கும். சுவர் உள்ளுக்குள் உப்பு பூத்து உதிரும்.

நாற்பது ஐம்பது வருஷத்துக் கான்கிரீட் வீடானால் கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? கம்பியின் போக்கிலேயே நீளமாக வெடிப்பு ஓடுகிறதா? அது பூச்சில் வந்த கீறல் அல்ல. உள்ளே கம்பி வீங்குகிறது. 2021 டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் சர்க்கார் வாரியம் கட்டிய குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. ஆபத்தை உணர்ந்து மக்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதமில்லை. வெடிப்பு பேசும், அதைக் கேட்கக் காது வேண்டும்.

தண்ணீர் விஷயத்தையும் மறக்கலாகாது. தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டு வந்ததால், பல பழைய வீடுகளின் தரை இன்று தெருவை விடத் தாழ்ந்து கிடக்கிறது. வாசற்படி ஏறிப் போவதற்குப் பதில் இறங்கிப் போனால், மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீரும் அதே வழியில் இறங்கி வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் புயலிலும் சென்னை கண்டது என்ன? புளியந்தோப்பும் வியாசர்பாடியும் நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்ததை நாடறியும். ஆகவே வீட்டைச் சித்திரை வெயிலில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம்; ஐப்பசி மழையில் ஒருமுறை பாருங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் எதிர் வீட்டுப் பாட்டியம்மாவைக் கேளுங்கள். தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

ஒத்தியின் ஆபத்து

மதுரைப் பக்கம் ஒத்தி என்றும் சென்னையில் போக்கியம், லீஸ் என்றும் சொல்லும் முறை வாடகைக்கும் கிரயத்துக்கும் நடுவில் நிற்கிறது. மூன்று நான்கு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருஷம் குடியிருப்பது. காலம் முடிந்தால் பணம் திரும்ப வரும். மாதாமாதம் வாடகைக்குத் திண்டாடும் குடும்பத்துக்கு இது நிம்மதியாகத் தெரிகிறது.

ஆனால் வீட்டுக்காரர் ஏன் ஒத்திக்கு விடுகிறார்? பெரும்பாலும் அவருக்குக் கடன் இருக்கிறது. அதே வீட்டை ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்திருந்தால், வங்கிதான் முதலில் கை வைக்கும்; ஒத்திக்காரர் தெருவில் நிற்பார். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய ஒத்திக்குப் பலமில்லை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் விதி. வில்லங்கம் பார்த்து, பதிவு செய்து, பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் ஒத்தி ஒரு வழி. இல்லையேல் அது வட்டியில்லாமல் வீட்டுக்காரருக்கு நாம் கொடுத்த கடன். வசூலாகும் என்ற உறுதியும் இல்லை.

வாடகைக்காரர் கையில் என்ன இருக்கிறது?

வாடகையே மேல் என்று முடிவு செய்கிறவர் அதோடு ஓய்ந்துவிடக் கூடாது. 1960-ம் வருஷச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கக் கோரும் உரிமை குடியிருப்பவருக்கு இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2017-ம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் அமலுக்கு வந்தது. இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை என்கிறது புதுச் சட்டம். பசித்தவனும் வயிறு நிறைந்தவனும் சமமாக உட்கார்ந்து ஒப்புக்கொள்வார்களாம்! இதில் குடியிருப்பவர் இழந்தது பெரிது.

என்றாலும் அந்தச் சட்டத்திலேயே நமக்குப் பயன்படும் ஆயுதங்கள் சில இருக்கின்றன. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஆகவே "பத்து மாத அட்வான்ஸ்" என்று எழுதி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள். குடிதண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி விரட்டக் கூடாது. கூரை, சுவர் போன்ற கட்டட மராமத்தும் வெள்ளையடிப்பும் மின்கம்பி மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவின்றி யாரையும் வெளியேற்ற முடியாது. ஆனால் ஒன்று: எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வெளியேற்றம் கேட்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. "நாங்கள் இருபது வருஷமாக வாய்ப் பேச்சில்தான் இருக்கிறோம், வீட்டுக்காரர் நல்ல மனுஷர்" என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல மனுஷர் காலமானால் அவருடைய பிள்ளைகள் வருவார்கள். வாய்ப் பேச்சு அவர்களைக் கட்டுப்படுத்தாது.

ஒண்டிக் குடித்தனத்தில் மின்சாரக் கொள்ளை தனிக் கதை. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஒரே இணைப்பில் எட்டுக் குடித்தனம் இருந்தால் அந்த இலவசம் வீட்டுக்காரருக்கே போகிறது. குடியிருப்பவரோ அவர் சொல்லும் யூனிட் விலையைக் கொடுக்கிறார். வீடு பார்க்கும்போதே "மீட்டர் தனியா, பொதுவா?" என்று கேளுங்கள். வாடகை ஐநூறு ரூபாய் குறைவு என்று போய், மின்சாரத்தில் எழுநூறு கொடுப்பவர்கள் ஏராளம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் என்ன ஆட்கள்?" பழைய தெருக்களில் வீடு கேட்டுப் போகும் தொழிலாளியிடம் பெயருக்கு அடுத்து இதைத்தான் கேட்கிறார்கள். பதில் பிடிக்காவிட்டால் "வீடு முடிந்துவிட்டது" என்கிறார்கள். "சைவம் மட்டும்" என்று பலகை தொங்குகிறது. 1921 வேலைநிறுத்தத்தின்போது மில் தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதில் லாபம் அடைந்தது மில் முதலாளி மட்டுமே. வீட்டு வாசலில் சாதி கேட்பதைச் சகித்துக் கொள்கிறவர்கள் மில் வாசலில் ஒற்றுமை பேச முடியாது. நம்மில் ஒருவர் வீடு வாங்கி, அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் நாள் வந்தால், இந்தக் கேள்வி அவர் வாயில் வரக்கூடாது.

கிராமத்து மனையை விற்காதீர்கள்

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் நகரத்தில் பழைய வீடு பார்க்கிறான், பணம் போதவில்லை, கிராமத்து மனையை விற்று அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள். அந்த மனை எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்த காலத்தில் கூலி கூடக் கேட்டவன் குடிசையையும் இழந்தான். வீடு அவர் கையில் இருந்ததால்தான் நம் வாய் கட்டப்பட்டிருந்தது. நீண்ட போராட்டங்களுக்குப் பின் 1971-ல் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்து, குடியிருந்த மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கியது. கடனில்லாத அந்த மூன்று சென்ட் மனையை விற்று, கடனுள்ள வீட்டுக்கு முன்பணம் கட்டுவது, கையிலிருக்கும் காளையைக் கொடுத்துக் கானல் நீரை வாங்குவதற்கு ஒப்பாகும். சர்க்கார் நிபந்தனையோடு கொடுத்த பட்டா மனையை விற்பது சட்டப்படியும் செல்லாமல் போகலாம். நகரத்தில் வேலை போனால் மகன் திரும்பி வர ஓர் இடம் வேண்டாமா?

நமது முடிவு

வாங்கலாமா என்று கேட்கும் தோழருக்கு நாம் சொல்வது இது. தவணை குடும்பத்தின் நிலையான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஆறு மாதக் கூலி கையிருப்பாக ஒதுங்கியிருக்க வேண்டும். மனை கட்டடத்தோடு சேர்ந்து வர வேண்டும். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். கூரையும் உத்திரமும் உறுதியாக இருக்க வேண்டும்; மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. இத்தனையும் இருந்தால் வாங்குங்கள். பெண்டு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையேல் எழுத்து ஒப்பந்தத்தோடும் மாத ரசீதோடும் வாடகையில் இருங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. முன்பணம் கொடுக்குமுன் சங்கத்து வக்கீலிடம் பத்திரத்தையும், நம்மிடையே உள்ள கொத்தனார் தோழரிடம் சுவரையும் காட்டுங்கள். தரகருக்குக் கமிஷன் கிரயம் முடிந்தால்தான். கொத்தனார் தோழருக்கு உங்கள் தலையில் கூரை விழக்கூடாது என்பதுதான் அக்கறை.

ஆனால் எத்தனை எச்சரிக்கையாக இருந்தாலும் ஒரு தனித் தொழிலாளி இந்தப் பிரச்னையைத் தீர்த்துவிட முடியாது. தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் வாடகையில், வேலைக்குப் பக்கத்தில், உறுதியான வீடுகளைச் சர்க்கார் கட்டித் தர வேண்டும். நகரத்தின் கடைக்கோடியில் கொண்டுபோய்க் கொட்டும் குடியிருப்புகளை நாம் கேட்கவில்லை. பழைய கட்டடங்களைச் சோதித்து மராமத்துச் செய்யும் பொறுப்பை மாநகராட்சி ஏற்க வேண்டும். நியாய வாடகை கேட்கும் உரிமை சட்டத்தில் மீண்டும் இடம்பெற வேண்டும். தெருத் தெருவாகக் குடியிருப்போர் கமிட்டி அமைத்தால்தான் இவை நடக்கும். எட்டுக் குடித்தனமும் சேர்ந்து ஒரே நாளில் எழுத்து ஒப்பந்தமும் தனி மீட்டரும் கேட்டால் வீட்டுக்காரர் யாரை மட்டும் காலி செய்யச் சொல்வார்?

மில்லில் தனியாகக் கூலி உயர்வு கேட்டவன் வேலையை இழந்தான்; சங்கமாகக் கேட்டபோது கூலி உயர்ந்தது. கூரை விஷயத்திலும் வழி அதுவே.